புலி மட்டும்தான் காடா?

லீவு விட்டால் வள்ளியூரில் வேன் பேசி தேக்கடிக்கோ முதுமலைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். மேற்கே தெரியும் மலையோ தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். களக்காடு முண்டந்துறை, 1988இல் அறிவிக்கப்பட்டது.

அங்கே புலியைப் பார்த்தே தீருவேன் என்று போவது வீண். அடர்ந்த மழைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அண்ணாந்து பார்க்கிறவருக்குச் சிங்கவால் குரங்கு தென்படலாம். களக்காடு சரணாலயமே 1976இல் அதற்காகத்தான் வந்தது. காட்டுத்தீ, கனமழை நாட்களில் பாதையை மூடிவிடுவார்கள். வனத்துறையிடம் கேட்காமல் வண்டி பேசுவது புத்திசாலித்தனமல்ல.

பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் கூந்தன்குளத்துக்குப் போகட்டும். 1994இல் பறவைகள் சரணாலயமான ஊர் அது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து குளத்தில் மேயும். மஞ்சள்மூக்கு நாரை வீட்டு மரத்திலேயே கூடு கட்டும். முற்றமெல்லாம் எச்சம், மீன் நாற்றம். யாரும் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். (ஜீப் சஃபாரிக்குக் கொட்டும் பணத்தில் நல்ல பைனாகுலரே வாங்கிவிடலாம்.)

ஜனவரிக்குப் பிறகு, விடியற்காலையில் போவது நல்லது. அதற்கு முன் ஒன்றை விசாரிக்க வேண்டும்: மணிமுத்தாறு தண்ணீர் குளத்துக்கு வந்துசேர்ந்ததா?