பேரைக் கூப்பிட்டதும் தலையாட்டாதீங்க!

ஏங்க... கூமாப்பட்டின்னதும் 2025-ல் வைரலான ரீல்ஸும் பிளவக்கல் அணையும்தானே ஞாபகம் வருது? நாம பேசப்போறது அணையைப் பத்தி இல்லை, அந்தப் பக்கத்துப் பேர்களைப் பத்தி.

ஒரு பக்கம் சதுரகிரி சுந்தரமகாலிங்கம், இன்னொரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், ஊருக்கு ஊர் மாரியம்மன், கருப்பசாமி. சாமி பேரைத்தான் பிள்ளைகளுக்கும் வைக்கிறாங்க. அதனால அங்கே ஓ.பி. வரிசையில் 'மகாலிங்கம்'னு கூப்பிட்டா ரெண்டு பேர் எழுந்து வந்தாலும் ஆச்சர்யமில்லை. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. இருக்கிறது ஒரு இனிஷியல். சீட்டு எழுதுற அவசரத்தில் அதுவும் விட்டுப்போகும். காது மந்தமான பெரியவர்னா, யார் பேரைச் சொன்னாலும் 'ஆமாம்மா'ன்னு தலையாட்டிடுவார்.

இதில் என்ன ஆபத்துன்னு கேட்கிறீங்களா? 2023 செப்டம்பரில், கடலூர் அரசு மருத்துவமனைக்கு சளித் தொந்தரவுன்னு வந்த 13 வயதுச் சிறுமிக்கு நாய்க்கடி ஊசி போட்டுட்டாங்க. சீட்டைப் பார்க்காமலே போட்டாங்க என்பது குடும்பத்தின் புகார். செவிலியர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். அதோட செய்தி முடிஞ்சிடுச்சு. ஆனா, சஸ்பெண்ட் உத்தரவு அடுத்த ஊசி சரியான ஆளுக்குப் போகும்னு உறுதி தராதே!

வார்டில் படுத்திருப்பவருக்குக் கையில் பட்டை கட்டுற வழக்கம் பல இடங்களில் வந்துடுச்சு. ஓ.பி.க்கு வர்றவர் கையில் இருக்கிறது ஒரு துண்டுச் சீட்டுதான். அது டாக்டர், ஊசி அறை, மருந்து கவுன்டர்னு கை மாறிக்கிட்டே இருக்கு. சர்க்கரையைக் குறைக்கிற சில மாத்திரைகளை, சர்க்கரை நோயே இல்லாதவர் சாப்பிட்டா மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒருவரை அடையாளம் காண குறைந்தது ரெண்டு விவரம் சரிபார்க்கணும், அறை எண்ணை அதில் சேர்க்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிடுச்சு. டோக்கன் நம்பரும் அப்படித்தான். அது வரிசையில் உங்க இடம், நீங்க இல்லை. போன் நம்பரா? மாமியார், மருமகள் ரெண்டு பேர் சீட்டிலும் மகனோட நம்பர்தான் இருக்கும். 14 இலக்க ஆபா எண் கைகொடுக்கலாம், கவுன்டரில் அதை ஒப்பிட்டுப் பார்த்தால்.

காசு செலவில்லாத வழி, கேள்வியை மாத்துறதுதான். 'நீங்க மாரியம்மாளா?'ன்னு கேட்டா 'ஆமா'ன்னு பதில் வரும். 'உங்க பேர் என்ன, வயசு என்ன, எந்த ஊரு?'ன்னு கேட்டா அவங்களே சொல்லியாகணும். (வீட்டுக்காரர் பேரைக் கேட்காதீங்க, வாய்விட்டுச் சொல்லத் தயங்குற பாட்டிகள் இன்னும் இருக்காங்க. அப்பா பேர் போதும்.) கூட்டம் அலைமோதுற காலை நேரத்தில் இதுக்கு நேரமில்லைன்னு ஊழியர்கள் சொல்வாங்க. அதுவும் நியாயம்தான், ஆள் பற்றாக்குறை நிஜம். ஆனா, இந்தக் கேள்விக்கு ஆகுறது சில நொடிதான்.

அவங்க கேட்கலைன்னா நீங்க முந்திக்கோங்க. ஊசிக்குக் கையை நீட்டுறதுக்கு முன்னாடி பேர், வயசு, ஊர் சொல்லிட்டு, 'இது எதுக்குப் போடுற ஊசி சிஸ்டர்?'னு கேளுங்க. மாத்திரைக் கவர் மேலயும் பேரோட வயசையும் ஊரையும் எழுதி வாங்குங்க. ஒரே வீட்டில் ரெண்டு பேருக்குச் சர்க்கரை மாத்திரை வருதுன்னா, கவர் மாறாம இருக்க அதுவே உதவும்.