எட்டு நாட்கள் வெளியேற்றப்படாதிருந்த தோமையார்

ஐயப்படுவதையே தொழிலாகக் கொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவன் நான். ஒரு செய்தி கைக்கு வந்தால் அதனை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்பதே, ஆசிரியபீடத்தின் மூத்தவர்கள் எனக்கு முதன்முதலிற் சொல்லித்தந்த பாடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தின் வாசற்படியை மிதிக்கும்போது மட்டும், அந்தப் பழக்கத்தைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றிவிட்டு வரவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகின்றது. இது நியாயமான எதிர்பார்ப்புத்தானா என்ற கேள்வி நெடுநாளாக என்னுள் இருந்தது. அதனை இப்போது எழுத வைத்தவன் என் தங்கையின் மகன்.

கனடாவிற் படித்துக்கொண்டிருக்கும் அவன் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்தான். சுகநலன் விசாரித்து முடிந்த பின்னர் சற்று நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "மாமா, விசுவாசப் பிரமாணம் சொல்லேக்க வாய்தான் அசையுது. மனம் அசையேல்லை. பொய் சொல்லிக்கொண்டு நிற்கிற மாதிரிக் கிடக்கு" என்றான். இதனை அங்குள்ள மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் கூறியபோது, அது சாத்தானின் குரல், அதற்குச் செவிகொடாதே என்று பதில் கிடைத்ததாம். அதன் பிறகு அவன் ஆலயத்துக்குப் போகவில்லை. யாரோடும் சண்டையிட்டு விலகவில்லை, சத்தமின்றி விலகிவிட்டான். நம் பிள்ளைகளிற் பலர் இன்று இப்படித்தான் விலகுகின்றார்கள் என்பது என் கணிப்பு. அவர்களை வெளியே அனுப்பியது ஐயமா, அல்லது அந்த ஐயத்துக்கு நாம் அளித்த பதிலா? இதுவே நாம் சிந்திக்கவேண்டிய விடயம்.

ஐயம் என்றதும் கிறிஸ்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் தோமையார். தமிழர்களாகிய நமக்கு அவர் அந்நியர் அல்லர். கி.பி. 52இல் அவர் தென்னிந்தியக் கரைக்கு வந்தார் என்பதும், பரங்கிமலையில் உயிர் துறந்தார் என்பதும் நெடுங்காலமாகப் போற்றப்பட்டுவரும் மரபு. மயிலாப்பூரில் அவர் பெயராலேயே பேராலயம் எழுந்து நிற்கின்றது. ஆயினும் 'சந்தேகத் தோமா' என்ற பட்டப்பெயர் அவரை விட்டு அகலவில்லை.

யோவான் நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தைப் பத்திரிகையாளனின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். உயிர்த்த இயேசு மற்றச் சீடர்களுக்குத் தோன்றியபோது தம் கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டுகின்றார். தோமையார் அவ்வேளையில் அங்கு இல்லை. பின்னர் அவர் கேட்பது என்ன? மற்றவர்களுக்குக் கிடைத்த அதே சான்று தமக்கும் வேண்டும் என்பதைத்தான். தொட்டுப் பார்க்கவேண்டும் என்றது மட்டுமே அவர் மேலதிகமாகக் கேட்டது. அந்த மற்றவர்களும் கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்கள் சொன்ன செய்தியை முதலில் வெறும் பிதற்றலாகவே எண்ணினர் என்று லூக்கா நற்செய்தி பதிவு செய்திருக்கின்றது. அப்படியிருக்க, பட்டப்பெயர் மட்டும் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது எவ்வாறு?

இதனிலும் முக்கியமான ஒரு விவரம் அந்த அதிகாரத்தில் உண்டு; நம் பிரசங்கங்களில் அது பெரும்பாலும் கவனிக்கப்படாமற் போகின்றது. இயேசு மீண்டும் தோன்றியது எட்டு நாட்களின் பின்னர். அப்போது தோமையார் எங்கே இருந்தார்? அதே வீட்டில், அதே சீடர்களோடு இருந்தார். நம்ப மறுத்த மனிதர் எட்டு நாட்களாக வெளியேறவும் இல்லை, வெளியேற்றப்படவும் இல்லை. நம்பியவர்களும் நம்பாதவரும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கின்றார்கள். அந்த எட்டு நாட்களில் யாரேனும் அவரைக் கதவுக்கு வெளியே தள்ளியிருந்தால், எட்டாம் நாள் அவர் அங்கே இருந்திருக்க மாட்டார்.

விவிலியம் முழுவதிலும் ஐயத்துக்கு இடம் இருக்கின்றது. யோர்தான் நதிக்கரையில் இயேசுவைச் சுட்டிக்காட்டிய திருமுழுக்கு யோவானே, பின்னர் சிறையிலிருந்து ஆளனுப்பி, வரவேண்டியவர் நீர்தானா என்று கேட்கின்றார். நோயுற்ற மகனை அழைத்துவந்த ஒரு தந்தை, தன் நம்பிக்கையையும் நம்பிக்கையின்மையையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டு உதவி கேட்கின்றான், மகன் குணமாகின்றான். யோபுவின் நூலில் கடவுளுக்காக வாதாடிய நண்பர்களே கடவுளின் கோபத்துக்கு ஆளாகின்றனர். அவரோடு வழக்காடிய யோபு சரியாகப் பேசினான் என்று தீர்ப்பாகின்றது. 88ஆம் சங்கீதம் ஆறுதலின்றி இருளிலேயே முடிகின்றது. அதனையும் வழிபாட்டுக்குரிய பாடலாகவே முன்னோர் காத்து வைத்தார்கள். யூதா எழுதிய சிறு நிருபமோ, ஐயப்படுவோர்மீது இரக்கம் காட்டுமாறு நேரடியாகவே அறிவுறுத்துகின்றது.

தமிழ்ப் பக்தி மரபுக்கும் இது புதியதன்று. கண்ணிழந்த சுந்தரர் சிவபெருமானோடு உரிமையுடன் சண்டையிட்டவர். அவருக்கு 'வன்தொண்டர்' என்ற பெயரை மரியாதையோடு வழங்கிய மரபு நம்முடையது. வழக்காடுவதற்கும் ஓர் உறவு வேண்டும் என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

அண்மைக் காலத்து உதாரணம் அன்னை தெரேசா. அவர் 1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி காலமானார். பத்து ஆண்டுகளின் பின்னர், 2007இல், தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது உலகம் அதிர்ந்தது. கல்கத்தாவின் சேரிகளிற் பணியைத் தொடங்கிய காலம் முதல், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், இறைவனின் பிரசன்னத்தை உணரமுடியாத உள்ளிருளில் அவர் வாழ்ந்தார் என்பதை அக்கடிதங்கள் வெளிப்படுத்தின. 1958இல் கிடைத்த குறுகியதோர் இடைவெளியைத் தவிர, அந்த இருள் விலகவேயில்லை. கடிதங்களை அழித்துவிடுமாறு அவரே கேட்டிருந்தார். 1979இல் நோபல் சமாதானப் பரிசைப் பெற்றபோதும் அவர் அந்த இருளுக்குள்ளேயே இருந்தார்.

அவர் வெளியே சிரித்து உள்ளே வேறாக வாழ்ந்தார் என்று அப்போது சிலர் எழுதினர். அதனை என்னால் ஏற்க முடியவில்லை. மனிதர் தம் வேதனையை நாற்சந்தியில் நின்று சொல்லவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அவர் சொல்லவேண்டியவர்களிடம் சொன்னார்; உணராததை உணர்ந்ததாக அவர்களிடம் பாசாங்கு செய்யவில்லை. யேசுசபைக் குருவான ஜோசப் நொய்னர் போன்றோர் அவரைக் கண்டித்து அனுப்பாமற் செவிமடுத்தனர். அந்த இருளையே ஏற்று நடக்க அவரால் முடிந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். இத்தனையும் வெளிவந்த பின்னர், 2016இல், திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. வத்திக்கானே மறைக்காத ஒன்றை நம் பங்குகளில் ஏன் மறைக்கவேண்டும்?

இலங்கையைச் சேர்ந்த நமக்கு ஐயம் புத்தகத்திலிருந்து வந்ததன்று. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது வானிலிருந்து குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2004இல் நத்தாருக்கு மறுநாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் ஏறி வந்தது. 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் நிகழ்ந்தவற்றை நான் விவரிக்கத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் பலியாகினர். மட்டக்களப்பில் மாண்டவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகளும் அடங்குவர். இவ்வளவையும் கண்ட மக்களிடம் கேள்வியே எழக்கூடாது என்பது எவ்வளவு கொடுமை!

யுத்த காலத்தில், மகனை இழந்த ஒரு தாயின் வீட்டில் நான் இருந்தேன். அங்கு வந்த ஒருவர், எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அந்தத் தாய் சுவரைப் பார்த்தபடி இருந்தார். பின்னர் ஒரு முதிய குருவானவர் வந்தார். "சுவாமி, அவர் எங்கே பார்த்துக்கொண்டு நின்டவர்?" என்று தாய் கேட்டார். "எனக்கும் விளங்கேல்லை அம்மா" என்று கூறிய குருவானவர், அவர் அருகே தரையில் அமர்ந்து, இருட்டும் வரை அங்கேயே இருந்தார். பல ஆண்டுகளின் பின்னர் அத்தாயைச் சந்தித்தபோது, தன்னைத் திரும்பவும் ஆலயத்துக்குக் கூட்டிச்சென்றது அந்த ஒரு வார்த்தைதான் என்றார். முன்னவரின் உறுதியால் ஆகாதது, பின்னவரின் நேர்மையால் ஆயிற்று.

ஐயத்துக்கு இவ்வளவு இடங்கொடுத்தால் சபையே கலைந்துவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எல்லா ஐயமும் நேர்மையானது என்று நான் சொல்லவில்லை. விடை வந்துவிட்டால் வாழ்க்கையை மாற்றவேண்டியிருக்குமே என்று அஞ்சி, கேள்வியைக் கேடயமாகப் பிடித்துக்கொள்வோரும் உளர். அது ஐயமன்று, அசட்டை. நேர்மையாக ஐயப்படுபவனோ கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கின்றான். பதில் வந்தால் அதற்குரிய விலையைக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கின்றான். தோமையார் அப்படிப்பட்டவர். சான்று கிடைத்தபோது தயங்காது பணிந்தார். கொடுத்த விலை என்ன என்பதைப் பரங்கிமலை மரபு சொல்கின்றது. தேடித் தேடியும் விடை காணாது, நேர்மையோடு விலகிச் செல்பவர்களும் இருக்கின்றார்கள். அவர்களைத் தூற்றும் உரிமை நமக்கு இல்லை.

கேள்விகளை வாயிலேயே தடுப்பதால் அவை ஒழிந்துவிடுவதில்லை, கேட்டவர்களே ஒழிந்துபோகின்றார்கள். நம் பங்குகளில், மறைக்கல்வி வகுப்புகளில், செபக் கூட்டங்களில், ஒரு பிள்ளை எழுந்து "எனக்கு நம்ப முடியவில்லை" என்று சொன்னால், அப்பிள்ளையை அமரவைத்துக் கேட்பதற்கு ஒருவராவது இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் விடை வைத்திருப்பவராக அவர் இருக்கவேண்டியதில்லை.

மருமகனுக்கு அன்று என்னாற் சரியான பதில் சொல்ல இயலவில்லை. மறுநாள் நானே அழைத்தேன். "எனக்கும் அப்படியான ஞாயிற்றுக்கிழமைகள் இருந்ததடா தம்பி. மனம் அசையாத நாளிலும் நான் போய்ப் பின்வாங்கில இருந்தனான். நீ நம்பினதாக நடிக்கத் தேவையில்லை. சொல்ல முடியாத வரியைச் சொல்லாமல் நில். ஆனால் வீட்டை விட்டுப் போயிடாதை" என்றேன். அவன் யோசிப்பதாகச் சொன்னான். அவன் போவானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. போனால், அவனுக்கு அங்கே ஓர் இடம் இருக்கவேண்டும் என்பதே என் கவலை.