அழகு விளக்குக்கு ஒரு சுவிட்ச் கூடவா கிடையாது?

காலேஜ் படிக்கும் பிள்ளையோ பேரனோ வீட்டில் இருந்தால் இந்தக் கண்ணாடிப் பெட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் என்று பெயர். உள்ளே கல்யாண மண்டப வாசல் மாதிரி சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்.ஜி.பி. என்கிறார்கள். விளக்கு அழகாகத்தான் இருக்கிறது, அதில் எனக்கு வழக்கு இல்லை. அதை இணைக்கிற விஷயத்திலும் அணைக்கிற விஷயத்திலும் கம்பெனிகள் நம்மைப் படுத்துகிற பாடுதான் என் வழக்கு.

விளக்கு அதிகம் இருப்பது லிக்விட் கூலர் என்ற சாமானில். ப்ராசசர் சூடாகும். அதன் தலையில் ஒரு உலோகத் தகடும் குட்டி பம்பும் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து இரண்டு குழாய் ரேடியேட்டருக்குப் போகும். ரேடியேட்டர் மேல் ஃபேன். நம் அம்பாசிடர் காரில் இருந்த ஏற்பாடுதான், அளவு சின்னது. இது ஃபிரிட்ஜ் இல்லை. அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. மே மாதம் பெருங்களத்தூரில் அறைக்குள் 36 டிகிரி என்றால், குழாயில் ஓடும் திரவம் அதற்கு மேலேதான் இருக்கும். குளிர்விப்பது பம்பும் ஃபேனும். விளக்குக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

முதல் குற்றச்சாட்டு, பிளக்.

இந்த விளக்குகளில் இரண்டு ஜாதி. பழையது 12 வோல்ட், நாலு பின். ஒரு பின்னில் கரண்ட், மற்ற மூன்றும் மூன்று நிறத்துக்கு. மொத்தச் சரமும் ஒரே நிறத்தில்தான் எரியும். புதியது 5 வோல்ட், மூன்று பின். ஒன்றில் கரண்ட், ஒன்று எர்த் மாதிரி, நடுவில் ஒன்று உத்தரவு கொண்டுபோகிற கம்பி. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு கடுகளவு சிப் இருப்பதால் ஒவ்வொன்றும் தனித்தனி நிறம் காட்டும். இந்த 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் கொடுத்தால் சிப் போய்விடும். பெயரிலாவது பெரிய வித்தியாசம் உண்டா? ஒன்று ஆர்.ஜி.பி., இன்னொன்று ஏ.ஆர்.ஜி.பி. மதர்போர்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி, சில போர்டுகளில் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கும். ஒழுங்கான தயாரிப்பில் ஒரு ஓட்டையை அடைத்திருப்பார்கள். தவறான இடத்தில் ஏறாது. மலிவான மாற்று வயர்களில் ஓட்டை திறந்தே இருக்கும். சமர்த்தாக உள்ளே போய்விடும். இது போதாதென்று, சில கம்பெனிகள் இரண்டிலும் சேராத சொந்த பிளக் வேறு வைத்திருக்கிறார்கள்.

நான் ரயில்வேயில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவன். நம் வீட்டுச் சுவரைப் பாருங்கள். கெய்சரின் 15 ஆம்பியர் பிளக்கை 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருக முடியுமா? பின்னின் தடிமனே விடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தப்பு செய்ய முடியாதபடி அந்தக் காலத்திலேயே யோசித்து வைத்தார்கள். இன்றைக்கு என்னடா என்றால், மேனுவலின் ஏதோ ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் எச்சரிக்கை போட்டுவிட்டுக் கை கழுவுகிறார்கள்.

இதில் அடிபடுவது யார்? எங்கள் தெருவில் ஒருவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பையனுக்குக் கடன் வாங்கி கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். பொருத்திக் கொடுத்த கடையில் மாற்று வயர் போட்டு இந்த வேலையைச் செய்துவிட்டார்கள். கூலரின் விளக்கு அத்தனையும் அவுட். கேட்டால், "தவறான இணைப்பு, வாரண்டியில் வராது." இணைத்தது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு, சாஃப்ட்வேர்.

அந்தக் காலத்து சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைந்துவிடும். ஆனால் அணைக்கவும் ஏற்றவும் சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. இப்போது ஆசுஸ் போர்டு என்றால் ஆரா சிங்க், எம்.எஸ்.ஐ. என்றால் மிஸ்டிக் லைட், ஜிகாபைட் என்றால் ஆர்.ஜி.பி. ஃப்யூஷன். கூலர் கோர்சேர் என்றால் ஐக்யூ, என்.இசட்.எக்ஸ்.டி. என்றால் கேம். போர்டு ஒரு கம்பெனி, கூலர் இன்னொன்று, மெமரி வேறொன்று என்று வாங்கினால் மூன்று சாஃப்ட்வேர். ஒன்று நீலம் வைத்தால் இன்னொன்று சிவப்பாக்கும். ஒரு விளக்கை அணைக்க ஒரு பெரிய சாஃப்ட்வேரையே இறக்கிக்கொள்ள வேண்டுமாம்!

அதுவும் சாதுவாக இருந்தால் பரவாயில்லை. விளக்கைத் தொடுவதற்காக இவை விண்டோஸின் அடிமடி வரை போய் ஒரு டிரைவரை உட்கார வைக்கின்றன. 2018 டிசம்பரில் செக்யூர்ஆத் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஆரா சிங்க்கோடு வந்த டிரைவர்களில் ஓட்டை இருப்பதைப் பகிரங்கப்படுத்தியது. அந்த ஓட்டை வழியாகக் கம்ப்யூட்டரில் நுழைந்த சாதாரண புரோகிராம் கூட முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். 2025 மார்ச்சில், ஃபேனையும் விளக்கையும் கட்டுப்படுத்தும் பல சாஃப்ட்வேர்கள் பயன்படுத்தி வந்த வின்ரிங்0 என்ற டிரைவரை மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டரே ஆபத்தானது என்று பிடித்து நிறுத்தியது. வாசலில் தோரண விளக்கு கட்ட வந்தவர் கையில் பீரோ சாவியைக் கொடுக்கிற கதை இது. பிள்ளைகள் அதே கம்ப்யூட்டரில்தான் நம் பேங்க் கணக்கையும் திறக்கிறார்கள்.

மூன்றாவது குற்றச்சாட்டு, அர்த்தம்.

ரயில்வேயில் எரிகிற விளக்குக்குப் பொருள் உண்டு. சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா. பச்சை என்றால் போ. இந்தக் கூலரில் பல மாடல்களில் விளக்குக்கும் பம்புக்கும் தனித்தனி இணைப்பு. பம்பு நின்று ப்ராசசர் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் விளக்கு வானவில் காட்டி ஆடும். சூடு ஏறினால் சிவப்பாக மாற்றும் வசதி சில சாஃப்ட்வேரில் இருக்கிறது. ஆனால் அதை நாமே தேடிப் போய் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் திறந்ததும் வருவது ஆட்டம்தான். உபயோகமான ஒரே வேலையை ஒளித்துவைத்து, உபயோகமில்லாததை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்.

"இளசுகளின் ஆசை, உமக்கு என்ன சார்?" என்று சிலர் கேட்பார்கள். ஆசையை நான் குறை சொல்லவில்லை. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் இல்லாமல் இந்த வானவில் ஏது? அது ரசிக்க வேண்டிய சாதனை. ஆனால் காசு கொடுப்பது நாம். பிளக் மாறி எரிந்தால் நஷ்டம் நமக்கு. ராத்திரி அதே ஹாலில் படுத்துத் தூங்குவதும் நாம். கேட்க உரிமை இல்லையா?

"கம்பெனிகள் ஒத்துப்போகமாட்டார்கள்" என்பது அடுத்த சமாதானம். போன் சார்ஜருக்கும் இதையேதான் சொன்னார்கள். ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களில் யூ.எஸ்.பி. சி கட்டாயம். நம் பி.ஐ.எஸ். கூட 2023 ஜனவரியில் யூ.எஸ்.பி. சி பிளக்குக்குத் தர நிர்ணயம் வெளியிட்டது. விளக்கிலும் 2023-ல் விண்டோஸ் 11 டைனமிக் லைட்டிங் என்று பொதுவான ஏற்பாடு கொண்டுவந்தது; அதை ஏற்கிற சாமான்களை விண்டோஸ் செட்டிங்ஸிலேயே அணைக்கலாம். எல்லா சாமானும் ஏற்பதில்லை என்பதுதான் கோளாறு. ஆக, முடியாத காரியம் இல்லை. கட்டாயப்படுத்த ஆள் இல்லை.

அதுவரை நம்மை நாமே காத்துக்கொள்ள வேண்டும். ரிச்சி தெருவோ தாம்பரமோ, எங்கே வாங்கினாலும் கூலரின் விளக்கு 5 வோல்ட்டா 12 வோல்ட்டா, போர்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். பொருத்திக் கொடுப்பது கடை என்றால், அதையும் எழுதச் சொல்லுங்கள். விளக்கின் வயர் தனியாக இருந்தால் அதை இணைக்காமலே விடலாம். குளிர்ச்சி ஒரு டிகிரி கூடக் குறையாது. ஷட் டவுன் செய்த பிறகும் விளக்கு எரிந்தால், பயாஸில் ஈ.ஆர்.பி. என்ற அமைப்பை ஆன் செய்தால் பெரும்பாலும் அணைந்துவிடும். விளக்கே இல்லாத கூலரும் கடையில் உண்டு. விளக்கு வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால், பட்டன் வைத்த கன்ட்ரோலரோடு வருவதைக் கேளுங்கள்.

கம்பெனிகளிடம் நான் கேட்பது மூன்றுதான். மாற்றிச் செருக முடியாத ஒரே பிளக். சூடு ஏறினால் தானாகச் சிவக்கும் விளக்கு. கையால் தொட்டு அணைக்க ஒரு சுவிட்ச். கடைசியில் சொன்னது பத்து ரூபாய் சீரியல் செட்டிலேயே இருந்தது.