எண்ணூர் விரைவு சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்பது ஏன்? பதில் சாலையில் இல்லை, குடோனுக்குள்ளே இருக்கு!

திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை காலையில் பைக்கில் போயிருக்கிறீர்களா? சாலை ஓரம் முழுக்க கன்டெய்னர் லாரிகள். மிச்சம் இருக்கிற இடத்தில்தான் பஸ், ஆட்டோ, பள்ளி வேன், ஆம்புலன்ஸ் எல்லாம் போகணும். திடீர்னு ஒரு டிரெய்லர் குடோனுக்குள் போக ரிவர்ஸ் எடுத்தால், மொத்த சாலையும் நின்றுவிடும்.

"டிரைவர்கள் கண்ட இடத்தில் நிறுத்துறாங்க" என்பதுதான் வழக்கமான புகார். ஆனால் அந்த டிரைவர் வேறு எங்கே நிறுத்துவார்?

வரிசை ஒன்று இல்லை, இரண்டு

சாலையில் நிற்கும் எல்லா லாரியும் ஒரே காரணத்துக்காக நிற்பதில்லை. முதல் வரிசை, துறைமுக கேட்டுக்கு முன்னால் நிற்பது. கேட்டில் பரிசோதனை தாமதமானாலோ, கப்பலில் ஏற்றும் வேலை மெதுவானாலோ இது நீளும்.

இரண்டாவது வரிசையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இது குடோன், கன்டெய்னர் யார்டு, தொழிற்சாலை வாசல்களில் நிற்பது. உள்ளே சரக்கு இறக்க இடம் இல்லை, அல்லது இருக்கும் இடம் போதவில்லை. அதனால் அந்தக் கட்டிடத்தின் வேலை சாலைக்கு வந்துவிடுகிறது.

விதி என்ன சொல்கிறது?

கட்டிடம் கட்டும்போது கார் பார்க்கிங் விட வேண்டும் என்பது நமக்குத் தெரியும். சரக்கு ஏற்றி இறக்கவும் வளாகத்துக்குள்ளேயே தனி இடம் விடணும் என்பது பலருக்குத் தெரியாது.

இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்டிருக்கும் தேசிய கட்டிட விதித்தொகுப்பு இதற்குக் கணக்கு சொல்கிறது. வணிகம், தொழிற்சாலை, கிடங்கு கட்டிடங்களில் முதல் 200 சதுர மீட்டருக்கு விலக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 1,000 சதுர மீட்டருக்கும், அல்லது அதன் பகுதிக்கும், ஒரு லோடிங் இடம். அளவு குறைந்தது 3.75 மீட்டர் அகலம், 7.5 மீட்டர் நீளம். பார்க்கிங் போக இது தனி.

உதாரணமாக 5,000 சதுர மீட்டர் குடோன் என்றால், 200 கழித்து 4,800. அதற்கு 5 லோடிங் இடங்கள்.

இந்தத் தொகுப்பு ஒரு வழிகாட்டிதான். மாநிலங்கள் தங்கள் விதிகளில் சேர்த்தால்தான் கட்டாயம் ஆகும். நமக்கு நடைமுறையில் இருப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், 2019.

7.5 மீட்டருக்குள் 40 அடி எப்படி அடங்கும்?

இங்கேதான் சிக்கல். 7.5 மீட்டர் என்பது ஒரு நடுத்தர லாரிக்குச் சரி. 40 அடி கன்டெய்னர் பெட்டி மட்டுமே 12.2 மீட்டர் நீளம். இழுக்கும் வண்டியோடு சேர்த்தால் 15 மீட்டரைத் தாண்டும். திரும்பவும் ரிவர்ஸ் எடுக்கவும் இடம் வேண்டும்.

குறைந்தபட்ச அளவை மட்டும் பார்த்து இடம் விட்டால், வரைபடத்தில் விதி நிறைவேறியிருக்கும். ஆனால் டிரெய்லர் வந்தால் பாதி உள்ளே, பாதி சாலையில்!

கட்டி முடித்த பிறகு யார் பார்ப்பது?

வரைபடத்தில் காட்டிய காலியிடம் நாளடைவில் ஷெட் ஆகலாம், சரக்கு அடுக்கும் இடம் ஆகலாம். வரைபடத்தின்படி கட்டப்பட்டதா என்று பார்க்கத்தான் 'கட்டிட முடிவுச் சான்றிதழ்' இருக்கிறது. அது இல்லாமல் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு கிடைக்காது.

ஆனால் 2019 விதிகளில் சிறிய வீடுகளோடு சேர்த்து, எல்லா வகைத் தொழிற்சாலைக் கட்டிடங்களுக்கும் இந்தச் சான்றிதழிலிருந்து விலக்கு தரப்பட்டது. தொழில் தொடங்குவதை எளிதாக்க இது உதவலாம். ஆனால் லோடிங் இடம் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு முக்கியமான கட்டம் இதனால் போய்விடுகிறது.

பழைய ராயபுரத்துக்கு என்ன வழி?

ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. துறைமுகம் 1881-ல் இயங்கத் தொடங்கியது. இதைச் சுற்றி வளர்ந்த தெருக்கள் மாட்டு வண்டி காலத்துத் தெருக்கள். புதிய விதி பழைய கட்டிடத்தை இடிக்கச் சொல்லாது. 200 சதுர மீட்டருக்குள் இருக்கும் சிறு கடையில் இடம் கேட்பதும் நியாயமில்லை.

இதற்கு சிஎம்டிஏ முன்பு கையாண்ட வழி, சரக்கையே இடம் மாற்றுவது. ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க மாதவரத்தில் லாரி முனையமும், இரும்பு வியாபாரிகளுக்காக சாத்தாங்காட்டில் 200 ஏக்கருக்கும் மேல் இரும்பு, எஃகு சந்தையும் உருவாக்கப்பட்டன. வழி சரிதான். ஆனால் நெரிசலின் ஒரு பகுதி அப்படியே மணலி, திருவொற்றியூர் பக்கம் வந்து சேர்ந்தது.

பறக்கும் சாலை வந்தால் தீருமா?

துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் முதல் அடிக்கல். 2012-ல் பணி நின்றது. 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல். சுமார் 20 கி.மீ. நீளம். அது துறைமுகத்திலிருந்து மேற்கே லாரிகளைக் கொண்டுபோகும். அதனால் முதல் வரிசை குறையலாம். திருவொற்றியூர் குடோன் வாசலில் நிற்கும் இரண்டாவது வரிசைக்கு அது பதில் இல்லை.

அபராதம் யாருக்கு?

ஆபத்தான வகையில் வாகனத்தை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 122-ன்படி குற்றம். நடவடிக்கை டிரைவர் மீது. மணிக்கணக்கில் கழிப்பறை வசதிகூட இல்லாமல் காத்திருப்பவர் கையில்தான் ரசீதும் கொடுக்கப்படுகிறது. லோடிங் இடம் விடாத கட்டிட உரிமையாளர் பெயர் அதில் வராது.

சிங்கப்பூரில் கனரக வாகன உரிமையாளர், வண்டியை எங்கே நிறுத்துவார் என்பதற்கே சான்றிதழ் காட்ட வேண்டும். அங்கே பொறுப்பு டிரைவரோடு நிற்பதில்லை.

அடுத்து என்ன?

சென்னையின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்குமானது. அடுத்த 20 ஆண்டுகளுக்கானது மூன்றாவது மாஸ்டர் பிளான். வரைவு வெளியாகும்போது ஆட்சேபமும் கருத்தும் சொல்ல, 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் மக்களுக்கு உரிமை தருகிறது.

வடசென்னை மக்கள் கேட்க வேண்டியவை மூன்று:

* துறைமுகப் பகுதி குடோன்களுக்கு டிரெய்லர் நீளத்துக்கு ஏற்ற லோடிங் அளவு.
* கிடங்கு, தொழிற்சாலைகளில் கட்டி முடித்த பிறகும் நேரடி ஆய்வு.
* இடமில்லாத பழைய தெருக்களுக்கு, கழிப்பறையோடு கூடிய பொது லோடிங் யார்டு.

இதில் செலவு இருக்கு. பெரிய லோடிங் இடம் விட்டால் குடோனின் பயன்பாட்டுப் பரப்பு குறையும், வாடகையும் ஏறலாம். ஆனால் அந்தச் செலவு இப்போதும் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தினமும் கட்டுவது, நெரிசலில் பைக்கில் பிள்ளையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிற திருவொற்றியூர்க்காரர்!