சித்தியும் கணக்குப் புத்தகமும்

சென்ற மாதம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெண்கள் கூட்டம் முடிந்து, இஸ்தோப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே காம்பராவில் டிவி ஓடியது. பழைய படம், ‘கிழக்கே போகும் ரயில்’. "அந்தா, சித்தி!" என்றார் வயதான அம்மா ஒருவர். திரையில் நின்றது பாவாடை தாவணி உடுத்திய பதினாறு வயதுப் பெண். படத்தில் அவள் பெயர் பாஞ்சாலி. ஆனாலும் அங்கிருந்த எல்லோருக்கும் அது சித்திதான். ராதிகா என்று ஒருவரும் சொல்லவில்லை.

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த ஒரு தங்கச்சி மட்டும் தலையைக் குனிந்து சிரித்தாள். அவளையும் இரண்டு பிள்ளைகள் சித்தி என்றுதான் அழைக்கிறார்கள். அவள் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் டிவிச் சித்தியின் கதை.

ராதிகாவின் தந்தை எம்.ஆர்.ராதா. 1954இல் வந்த ‘ரத்தக்கண்ணீர்’ படத்தால் நம் தாத்தாமாருக்கெல்லாம் தெரிந்தவர். தாய் கீதா இலங்கைத் தமிழ்ப் பெண். இதைச் சொன்னால் நம் பெண்களுக்கு ஒரு சந்தோஷம். "அப்ப நம்ம நாட்டுப் பிள்ளை" என்பார்கள். எம்.ஆர்.ராதாவுக்கு மனைவி ஒருவரல்லர். நடிகர்கள் எம்.ஆர்.ஆர்.வாசுவும் ராதாரவியும் ராதிகாவுக்கு வேறு தாயின் பிள்ளைகளான சகோதரர்கள். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட வழக்கில் தந்தை சிறைக்குப் போனபோது ராதிகா சின்னஞ்சிறு பிள்ளை. பெரியம்மா, சின்னம்மா, மூத்தாள் பிள்ளை, இளையாள் பிள்ளை என்ற சொற்களெல்லாம் அவருக்குக் கதை வசனமாக மட்டும் தெரிந்தவையல்ல.

1978இல் பாரதிராஜா அவரைக் கதாநாயகியாக்கினார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது தமிழே சரளமாக வராது. கிராமத்துப் பெண்ணாக நடக்கவும் பேசவும் படப்பிடிப்பில்தான் கற்றுக்கொண்டார். மறு வருடமே தந்தை காலமானார். அதன் பிறகு தமிழிலும் தெலுங்கிலும் ஓயாத வேலை. 1986இல் கே.விஸ்வநாத்தின் ‘சுவாதி முத்யம்’ வந்தது. ‘சிப்பிக்குள் முத்து’ என்று நாம் தமிழில் பார்த்தது அதைத்தான். கையில் ஒரு பிள்ளையோடு நிற்கும் இளம் விதவை வேடம். அந்த விதவைக்கு மறுதாலி ஏறும் காட்சி பற்றி எங்கள் லயத்தில் கிழவிகள் பல நாள் சண்டை பிடித்தார்களாம். என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1993இல் ‘கிழக்குச் சீமையிலே’. அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் நசுங்குகிற விருமாயியைப் பார்த்து அழாத பெண் நான் அறிய இல்லை.

இந்த இடத்தில்தான் சினிமாக்காரிகளின் வாழ்க்கை வழக்கமாக முடியும். கதாநாயகனுக்கு ஐம்பது வயதிலும் இருபது வயதுப் பெண் ஜோடி. அவனோடு ஜோடியாக நடித்தவளுக்கு முப்பது தாண்டினால் அக்கா வேடம், பிறகு அம்மா வேடம், பிறகு கூப்பிட ஆளில்லை. ராதிகாவுக்கும் அக்கா, அம்மா வேடங்கள் வரத்தான் செய்தன. அந்த முப்பதுகளின் பிற்பாதியில் அவர் சின்னத்திரைக்குப் போனார். சினிமாவில் இடமில்லாதவர்கள் போகும் இடம் என்று அன்றைக்குச் சின்னத்திரையை இளக்காரமாகப் பேசினார்கள். ஆனால் அவர் போனது சம்பளத்துக்கு நடிக்க மட்டுமல்ல. ராடான் என்ற தன்னுடைய நிறுவனத்தை வைத்துக்கொண்டு போனார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்துச் சன் டிவி முறையில், தொடர் தயாரிப்பவர் அரை மணி நேரத்தை அலைவரிசையிடமிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த நேரத்துக்குள் வரும் விளம்பரங்களைத் தானே தேடி விற்க வேண்டும். கதை பிடிக்காமல் ஜனங்கள் எழுந்து போனால் விளம்பரமும் போகும். போட்ட பணமும் போகும். ஜனங்கள் உட்கார்ந்தால் வருமானம் தயாரிப்பாளருக்கு. கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பதற்கும், ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே தேயிலை போடுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘சித்தி’ 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பர் வரை ஓடியது. சி.ஜே.பாஸ்கர் இயக்கினார், சிவகுமார் கூட நடித்தார். எங்கள் தோட்டத்துக்கு அது கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் லயத்தில் மின்சாரம் இல்லை. தொங்கல் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதற்கு ஒரு கார் பெட்டரி. டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வர மாமா ஒருவர் தோளில் தூக்கிப் போவார். பெட்டரி இறங்கினால் படம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கோடாக நிற்கும். சித்தி அழும் நேரத்தில் அப்படி ஆகிவிட்டால் அன்றைக்கு அந்த மாமாவுக்கு நல்ல ஏச்சு கிடைக்கும்.

அந்தத் தொடரின் மையம் ஒரு மாற்றாந்தாய். அதுவரை நம் கதைகளில் சித்தி என்றால் பிள்ளைக்குச் சோறு போடாதவள், சூடு வைப்பவள். கணவனின் மூத்த தாரத்துப் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கிற ஒருத்தியை நாயகியாக வைத்து இரண்டு வருடம் கதை நடத்தலாம் என்று நினைத்ததே அன்றைக்குத் துணிச்சல். 2001இல் ராதிகா நடிகர் சரத்குமாரை மணந்தபோது நிஜத்திலும் அந்த உறவு அவருக்கு வந்தது. சரத்குமாரின் மூத்த மகள், நடிகை வரலட்சுமி, தான் ராதிகாவை ‘ஆன்ட்டி’ என்றுதான் அழைப்பதாகவும், தனக்கு அம்மா ஒருவர்தான் என்றும், ஆனால் இருவருக்கும் நல்ல உறவு என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இது தொடரில் வந்த பாசத்தை விடப் பிடிக்கும். அம்மாவின் இடத்தைப் பறிக்காமலும் ஒரு பெண் பிள்ளைகளுக்கு ஆளாக நிற்கலாம்.

பிறகு ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’. 2013 முதல் 2018 வரை ‘வாணி ராணி’யில் வக்கீலாக ஒருத்தி, இல்லத்தரசியாக ஒருத்தி என்று இரட்டை வேடம். ஏறத்தாழ இருபது வருடம் இரவு வேளையைத் தன் கையில் வைத்திருந்தார். 2020இல் வந்த ‘சித்தி 2’இலிருந்து மறு வருடம் விலகினார். 2024இல் விருதுநகரில் பாரதிய ஜனதாக் கட்சி சார்பில் தேர்தலில் நின்று தோற்றார். அரசியல் அவரவர் விருப்பம். நான் அதற்குள் போகவில்லை.

தொடர்களைப் பற்றி எனக்கு முறைப்பாடு உண்டு. பெண்ணுக்குப் பெண் நஞ்சு வைப்பதும், மருமகளை மாமியார் உளவு பார்ப்பதும் வருடக்கணக்காக இழுக்கப்பட்டன. பிள்ளைகளின் வீட்டுப்பாடம் அந்த நேரத்தில்தான் நாசமானது. எத்தனையோ பெரிய வீடுகளைக் காட்டினார்கள். ஒரு லயத்துக் காம்பராவை நான் பார்த்ததில்லை. இதில் ராதிகாவின் தொடர்களுக்கும் பங்குண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய நாயகிகள் அழுதுவிட்டு எழுந்து ஏதாவது செய்தார்கள். வீட்டுக்கு வெளியே போனார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

முதலாளியான பிறகும் பெண் என்பது மறைவதில்லை. மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டைச் சொல்லும் ஹேமா குழு அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது ராதிகா ஒன்றைச் சொன்னார். கேரளத்தில் ஒரு படப்பிடிப்பில், நடிகைகள் உடை மாற்றும் வண்டியில் ஒளித்து வைத்த கமெராவால் எடுத்த படங்களை ஆண்கள் கூடி நின்று தொலைபேசியில் பார்த்துச் சிரித்ததைத் தான் கண்டதாகச் சொன்னார். கொழுந்து மலையில் மலசலகூடம் இல்லாமல், தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒருத்தி போக இன்னொருத்தி காவல் நிற்கும் நம் பெண்களுக்கு அந்தக் கூச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

இனி நான் சொன்ன தங்கச்சி. அவளுடைய அக்கா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். போய் நாலு வருடம். இரண்டு பிள்ளைகளும் இவளிடம். காலையில் பெரியவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சின்னவனைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடுவாள். பிந்தினால் அரைப்பேர். பெண் கேட்டு வந்தவர்களை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டாள். பெற்றோர் கூட்டத்தில் கடைசி வாங்கில் உட்காருவாள். "அம்மா வரலயா?" என்று கேட்பார்கள், வருடம் மூன்று முறை.

அக்கா மாதாமாதம் பணம் அனுப்புகிறாள். அது அத்தானின் பெயரிலுள்ள கணக்குக்கு வரும். எவ்வளவு என்று இவளுக்குத் தெரியாது. பால்மாவுக்கும் சப்பாத்துக்கும் இவள் கேட்டு வாங்க வேண்டும். சில மாதம் கிடைக்கும், சில மாதம் "பெறகு பாப்பம்" என்று பதில் வரும். அப்போது தன் சம்பளத்திலிருந்து எடுப்பாள். நம் தோட்டங்களில் இது புதிதல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984இல்தான். அதன் பிறகும் பல தோட்டங்களில் பெண்ணின் சம்பளத்தைப் புருஷனோ அப்பனோ போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கியதை நம் அம்மாமார் சொல்வார்கள்.

அன்றைக்கு நான் ராடான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று கேட்டாள்: "அப்ப அந்தச் சித்திக்கு யாரு மிஸ் சம்பளம் குடுத்தா?"

"அவங்கதானே மொதலாளி. அவங்களுக்கு அவங்களேதான்."

"கணக்கும் அவங்கதானா?"

"அவங்க கம்பனிதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைகளைக் கழுவி வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஹட்டன் டவுனுக்கு வந்துவிட்டாள். அவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்தோம். புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினாள். அன்றிரவு அக்கா வெகுநேரம் பேசினாளாம், அழுதாளாம். பிள்ளைகளின் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனியாக இந்தக் கணக்குக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அத்தான் பத்து நாளாக இவளோடு பேசவில்லை. புத்தகத்தை அவள் அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். சம்பள நாள் கழிந்ததும் இருவருமாகப் போய்ப் பணம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதாக இருக்கிறோம்.