சினைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனை எல்லாப் பெண்களுக்கும் தேவையா? எங்கள் நிலைப்பாடு

உடலில் தொந்தரவு எதுவும் இல்லாத, நெருங்கிய உறவில் யாருக்கும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திராத பெண்கள், ஆண்டுதோறும் சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்துகொள்ளத் தேவையில்லை. 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' திட்டங்களில் இந்தப் பரிசோதனையைச் சேர்ப்பதை மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் கைவிட வேண்டும். மகளிர் நல மருத்துவர்களாகிய நாங்கள் இதை யோசித்தே சொல்கிறோம்.

பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவரும் நோய் இது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் பிழைக்க வைத்துவிடலாம் என்றுதான் மருத்துவ உலகமும் நம்பியது. அதைச் சோதிக்க, பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சி.ஏ.125 பார்த்து, அளவு ஏறும் போக்கைக் கணித்து, தேவைப்பட்டவர்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு ஸ்கேன் மட்டும். மீதிப் பாதிப் பேருக்குப் பரிசோதனை இல்லை. இறுதி முடிவு 2021இல் 'லான்செட்' இதழில் வந்தது. ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்ட புற்றுநோய்கள் கூடியிருந்தன. நான்காம் கட்ட நோய் குறைந்திருந்தது. ஆனால் 16 ஆண்டுகள் கண்காணித்த பிறகும் இறப்பு குறையவில்லை. மூன்று பிரிவிலும் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 0.6 சதவீதம். எங்களையும் வருத்திய முடிவுதான். ஆனால் அதை மறைத்துப் பரிசோதனையை விற்பது நியாயமாகாது.

பலன் இல்லாவிட்டாலும் பாதகமில்லையே என்று சிலர் கேட்கலாம். பாதகம் உண்டு. அமெரிக்காவில் சுமார் 78,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், புற்றுநோய் இல்லாத 3,285 பேருக்கு 'இருக்கலாம்' என்று முடிவு வந்தது. அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சை வரை போனார்கள். 163 பேருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்பட்டன. வயிற்றுக் காசநோய், எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பை நார்க்கட்டி, ஏன், மாதவிடாய்கூட சி.ஏ.125 அளவை ஏற்றும். காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது. அளவு இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று பொருளல்ல. ஆரம்பக் கட்ட நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது ஏறுவதில்லை. பாப் ஸ்மியரும் இதற்கு உதவாது; அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. அது சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது.

குடும்ப வரலாறு உள்ளவர்களின் நிலை வேறு. குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய பி.ஆர்.சி.ஏ.1 மரபணுப் பிறழ்வு உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கோ அதற்கும் மேலோ வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். எனவே குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு மரபணு ஆலோசனை அவசியம். பிறழ்வு உறுதியானவர்களுக்குப் பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றுவதே நிரூபணமான பாதுகாப்பு.

அறிகுறி உள்ளவர்களுக்கோ இதே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கட்டாயம் வேண்டும். வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை புதிதாகத் தொடங்கி மூன்று வாரமாக விடாமல் இருந்தால், வாயுத் தொல்லை என்று மாத்திரை போட்டு நாட்களைக் கடத்தாதீர்கள். மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். சினைப்பையைச் சோதிக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.