கையில் படாத சரக்குக்கு வரி உண்டா?

யானைக்கவுனிப் பகுதியில் வாழும் நம் குடும்பங்கள் நாள்தோறும் ஒரு வரியின் பெயரை உச்சரித்துக்கொண்டே நடமாடுகின்றன. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே செல்லும் சாலைக்கு இன்று வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றப்பட்டிருப்பினும், ஆட்டோ ஓட்டுநர் முதல் சுமைக் கூலியாள் வரை எல்லாரும் அதனை வால்டாக்ஸ் ரோடு என்றே அழைக்கின்றனர். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையையும், அதன் பின்னர் ஹைதர் அலியின் குதிரைப் படைகளையும் கண்டு அஞ்சிய கும்பினியார், கறுப்பர் நகரம் என்று அவர்கள் அழைத்த பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். அம்மதிலின் வாயில்களில் ஒன்றே யானைக்கவுனி. மதிலுக்கான செலவை உள்ளே குடியிருப்போரிடமிருந்து வரியாகத் தண்டலாம் என்று எண்ணினர். ஆயின் அவ்வரி வசூலாகவே இல்லை. மதிலும் போயிற்று. இராயபுரத்தை அடுத்த மாடிப்பூங்காவில் மட்டும் அதன் ஒரு பகுதியை இன்றும் காணலாம். வசூலாகாத வரியின் பெயர் மட்டும் இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிலைத்திருக்கிறது.

இத்திங்கள் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது இதற்கு நேர்மாறான ஒரு வரியைப் பற்றி. பெயர் எவருக்கும் தெரியாது. ஆனால் தவறாமல் வசூலாகிறது. கைப்பேசியில் ஒரு பாடலையோ, நூலையோ, பாட வகுப்பையோ பணம் செலுத்திப் பதிவிறக்கம் செய்யும் ஒவ்வொரு முறையும் நாம் அதனைச் செலுத்துகிறோம். கையில் பட்டு உணர முடியாத இச்சரக்குக்கு வரி விதிப்பது முறையா, முறையாயின் எவ்வளவு என்பதே கேள்வி.

விற்பனை வரி என்பது நம் மாகாணத்துக்குப் புதிதன்று. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த இராஜாஜியின் அமைச்சரவை, கள்ளுக்கடை வருமானம் போனதனால் நேர்ந்த இழப்பை ஈடு செய்ய வேண்டி 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. குடிப்பவரிடமிருந்து வந்த பணம், அரிசியும் துணியும் வாங்குவோரிடமிருந்து வரத் தொடங்கிற்று என்று அக்காலத்திலேயே குறை கூறியவர் உண்டு. அவ்வரி எளிய ஓர் எண்ணத்தின் மீது நின்றது. கடை ஒன்று இருக்கும். சரக்கு ஒன்று இருக்கும். பணம் ஒரு கையினின்று மறு கைக்கும் சரக்கு அதற்கு எதிராகவும் மாறும். வரி அதிகாரி கடைக்கு வந்து பேரேட்டைப் புரட்டிப் பார்க்கலாம். சௌகார்பேட்டை மொத்த வணிகர்கள் எத்தனையோ தலைமுறையாக அறிந்த வரி இது.

சரக்குக்கு உருவம் இல்லாதபோது என்ன செய்வது? நீதிமன்றங்கள் இவ்வினாவை நெடுங்காலமாகவே சந்தித்து வந்துள்ளன. மின்சாரத்தைக் கண்ணால் காண முடியாது. மூட்டையாகக் கட்டவும் முடியாது. எனினும் அதுவும் சரக்கே என்று மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. கணினி மென்பொருள் பற்றிய தீர்ப்பு 2004 நவம்பரில் வந்தது. டாடா கன்சல்டன்ஸி நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையே எழுந்த அவ்வழக்கில், குறுந்தகட்டில் பதிந்து கடையில் விற்கப்படும் ஆயத்த மென்பொருளுக்கு மாநிலம் விற்பனை வரி கேட்டது. விலை கொடுத்து வாங்கப்படுவது அறிவின் பயனேயன்றித் தகடு அன்று, ஆகவே வரி பொருந்தாது என்பது நிறுவனத்தின் வாதம். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இதனை ஏற்கவில்லை. எழுத்தாளனின் அறிவு தாளில் அச்சேறியதும் நூலாகி விற்பனைக்கு வருவது போலவே, மென்பொருளும் தகட்டில் ஏறியதும் சரக்காகிறது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நல்ல தீர்ப்பே. ஆனால் அது தகட்டின் மீது நின்ற தீர்ப்பு. தகடே இல்லாமல் கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் அதே மென்பொருள் வந்து சேரும் காலம் அப்போதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அதன் பின்னர் நேர்ந்த குழப்பத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதனைச் சுமந்தவர் பொதுமக்கள். அரசியலமைப்பின்படி சரக்கு விற்பனைக்கு வரி விதிப்பது மாநிலத்தின் உரிமை. சேவைக்கு வரி விதித்து வந்தது மத்திய அரசு. மென்பொருள் சரக்குதான் என்று மாநிலங்கள் மதிப்புக் கூட்டு வரி வாங்கின. அதைப் பயன்படுத்த அனுமதி வழங்குவது சேவையே என்று 2008 மே மாதத்திலிருந்து மத்திய அரசு சேவை வரி வாங்கிற்று. மென்பொருள் விற்பனையாளர் சங்கம் ஒன்று நம் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. 2010இல் வந்த தீர்ப்பு, மென்பொருள் சரக்குதான் என்று ஒப்புக்கொண்டு, எனினும் உரிமம் வழங்கும் பரிமாற்றம் எத்தன்மையது என்பதைப் பொறுத்து அது சேவையாகவும் கருதப்படலாம் என்று கூறி, நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை நிலைநாட்டியது. விளைவு? ஒரே பொருளுக்குப் பல இடங்களில் இரண்டு வரிகளும் ஒரே ரசீதில் ஏறின. ஓர் ஆட்டை ஆடு என்று ஒருவரும் மாடு என்று மற்றொருவரும் கூறி, இருவருமே தீர்வை வாங்கிக்கொண்டு போன கதைதான்.

2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி இச்சண்டையை ஒருவாறு முடித்து வைத்தது. இரண்டும் ஒரே வரிக்குள் வந்துவிட்டமையால் ஆடா மாடா என்ற வழக்குக்குப் பெரும்பாலும் இடமில்லாமற் போயிற்று. பதிவிறக்கம் சேவை எனக் கொள்ளப்பட்டது. பொதுவாக 18 விழுக்காடு.

இனி, வரியே கூடாது என்பாரின் வாதத்தைப் பார்ப்போம். பதிவிறக்கத்தால் எவர் கையிருப்பும் குறைவதில்லை; ஒருவர் வாங்கிய பாடலால் மற்றொருவருக்குப் பாடல் இல்லாமற் போவதில்லை; லாரி ஓடவில்லை, சாலை தேயவில்லை; அரசுக்கு இதில் என்ன பங்கு என்கின்றனர். கேட்க இனிய வாதம். ஆனால் விற்பனை வரி சாலைத் தேய்மானத்துக்கான கட்டணம் அன்று; செலவு செய்யும் ஆற்றலின் மீது விதிக்கப்படுவது. ஒலிநாடாவும் குறுந்தகடும் விற்றுப் பிழைத்த சிறுகடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் வரி கட்டினார். (பர்மா பஜாரில் ரசீது கேட்டவர் யார் என்று சில வாசகர் நகைக்கக் கூடும், நாம் ஒழுங்காகப் பேரேடு வைத்திருந்த கடைகளைச் சொல்கிறோம்.) அதே பாடலை, அதே மென்பொருளை வெளிநாட்டிலிருந்து நேரே நம் வீட்டுக்கு அனுப்பிய பெரிய நிறுவனம், தனி மனிதருக்கு விற்றவற்றுக்கு 2016 நவம்பர் இறுதி வரை இங்கே ஒரு காசும் சேவை வரி செலுத்த வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்துதான் அவையும் வரி வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டன. இன்று அந்நிறுவனங்கள் இந்தியாவில் பதிவு செய்துகொண்டு வரி கட்ட வேண்டும். அதற்கான அலுவலகம் பெங்களூரில் உள்ளது. வாங்குபவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ அம்மாநிலத்துக்கு வரியில் பங்கு சேர்கிறது. இது நீதியே என்று நாம் கருதுகிறோம். வாடகையும் மின்கட்டணமும் கொடுத்துக் கடை திறந்து வைத்திருப்பவன் வரி கட்ட, கடையே இல்லாதவன் கட்டாமலிருப்பது எவ்வகையிலும் ஒப்பத்தக்கதன்று.

நாடுகளின் எல்லையைத் தாண்டி வரும் மின்வழிப் பொருள்களுக்குச் சுங்கத் தீர்வை வேண்டாம் என்று 1998இல் உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் உடன்பட்டுப் பலமுறை அதனை நீட்டித்தது உண்மையே. சுங்கம் வேறு, உள்நாட்டு விற்பனை வரி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுப்பது பொருந்தாது.

வரி இருக்க வேண்டும் என்று நாம் ஒப்பினாலும், அதன் அளவைப் பற்றி நமக்கு மனக்குறை உண்டு. கடையில் விற்கும் பொருளும் பதிவிறக்கமும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்பதுதானே வரிக்கு ஆதரவாகக் கூறப்படும் முதன்மையான நியாயம்? அந்நியாயம் இருபுறமும் செல்ல வேண்டாமா? அச்சிட்ட நூலுக்கு நம் நாட்டில் இவ்வரி இல்லை. திருவிவிலியமாயினும் திருக்குறளாயினும் பள்ளிப் பாடநூலாயினும் தாளில் அச்சிட்டிருந்தால் வரி பூச்சியம். அதே நூலை மின்னூலாக வாங்கினால், தொடக்கத்தில் 18 விழுக்காடு வரி இருந்தது. 2018 ஜூலை இறுதியில் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே அச்சில் வந்த நூலின் மின்வடிவத்துக்கு மட்டுமே. அச்சேறாமல் நேரே மின்னூலாக வெளிவருவது அச்சலுகைக்குள் அடங்கவில்லை. நாளிதழ், திங்களிதழ் ஆகியவற்றின் மின்பதிப்பும் அடங்கவில்லை. அவை தாளில் வரும்போது வரி கிடையாது என்பதை நம் இதழ் வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

500 ரூபாய் விலையுள்ள ஒரு நூலை எடுத்துக்கொள்வோம். பிராட்வேயில் ஒரு கடையில் வாங்கினால் வரி இல்லை. அதே விலைக்கு மின்னூலாக வாங்கினால் 25 ரூபாய். அந்நூல் அச்சேறாததாயின் 90 ரூபாய். அச்சிடப் பணமில்லாத இளம் எழுத்தாளரே மின்னூலை நாடுகிறார். அச்சிட வசதியுள்ளவரின் நூலுக்குச் சலுகை, வசதியற்றவரின் நூலுக்கு முழு வரி என்பது தலைகீழ் நியாயமாக நமக்குத் தோன்றுகிறது. கண்பார்வை குன்றிய முதியோருக்கு எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க உதவுவதும் மின்னூலே. அவர் தாளை விரும்பாமல் அல்ல, தாளைப் படிக்க இயலாமல்தான் அதை வாங்குகிறார்.

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவில் பிரான்சும் லக்ஸம்பர்க்கும் 2012இல் மின்னூலுக்கும் அச்சு நூலுக்குரிய குறைந்த வரியையே விதித்தன. மின்னூல் சேவையே, ஆகவே அச்சலுகை பொருந்தாது என்று 2015 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் அவ்விரு நாடுகளையும் கண்டித்தது. சட்டப்படி அத்தீர்ப்பு சரியாயிருக்கலாம். ஆனால் சட்டமே சரியில்லை என்பதை உணர்ந்து, 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தைத் திருத்திற்று. பிரிட்டனில் 2020 மே முதல் நாளிலிருந்து மின்னூலுக்கும் மின்னிதழுக்கும் அச்சு நூலைப் போலவே வரி பூச்சியம் ஆக்கப்பட்டது.

மற்றொன்றையும் சொல்லத்தான் வேண்டும். கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் துறைமுகக் கூலியையும் ஆலைக் கூலியையும் நம்பி வாழும் குடும்பங்களில், மகனையோ மகளையோ பெரிய பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப இயலாத தாய், கைப்பேசியில் பதிவு செய்யப்பட்ட பாட வகுப்புகளை வாங்கிக் கொடுக்கிறாள். பள்ளி தன் மாணவருக்கு அளிக்கும் கல்விக்கு வரி இல்லை. தனியார் நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கோ 18 விழுக்காடு. அவ்வகுப்பு வந்து சேரும் வழியாகிய கைப்பேசி ரீசார்ஜுக்கும் 18 விழுக்காடு. ஆக, சரக்குக்கு ஒரு வரி, அது வரும் பாதைக்கு ஒரு வரி. வணிகர்கள் தாம் வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். கடைசியாக வாங்கும் அத்தாய்க்குக் கழித்துக்கொள்ள எவருமில்லை. செலுத்தும் தொகைக்குள்ளேயே வரியும் அடங்கியிருப்பதால், தான் எவ்வளவு வரி கட்டினோம் என்பதும் அவள் கண்ணில் படுவதில்லை. பொழுதுபோக்குக்கான திரைப்படத்துக்கும் கல்விக்கான வகுப்புக்கும் ஒரே விகிதம் என்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. எது கல்வி, எது பொழுதுபோக்கு என்று பிரிப்பது அதிகாரிகளுக்குத் தலைவலியே. எனினும் பள்ளியையும் பயிற்சி நிலையத்தையும் பிரித்தறிந்தவர்களுக்கு இதுவும் இயலாததன்று.

இவ்விகிதங்களை மாற்றும் பரிந்துரை சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தினின்றே வர வேண்டும். அதில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கும், எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் உண்டு. நான்கில் மூன்று பங்கு ஆதரவு இருந்தாலன்றித் தீர்மானம் நிறைவேறாது. ஆகவே தமிழ்நாடு தனித்து எதுவும் செய்துவிட முடியாது. அவ்வாறே மத்திய அரசும் தனித்துச் செய்துவிட முடியாது. மின்னூல் பற்றிய விளக்கத்தில், அச்சிட்ட நூலின் மின்வடிவம் என்றிருக்கும் நிபந்தனையை நீக்கி, மின்னிதழையும் அதில் சேர்த்து, விகிதத்தைப் பூச்சியமாக்குவதற்கு அறிவிக்கையில் மாற்ற வேண்டியவை சில சொற்களே. நூலகக் குழுக்களும், ஆசிரியர் சங்கங்களும், பங்குதோறும் உள்ள படிப்பு வட்டங்களும் அம்மன்றத்தில் அமரும் நம் மாநில நிதியமைச்சருக்கு இதனை எழுதி அனுப்பலாம்.